விண்ணில் எது ஆயுதம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்வெளி ஆயுதங்கள், அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

விண்வெளியில் ஆயுதம் கூடாது என்று உலக ஒப்பந்தம் இருப்பதாகப் படித்தேன். அப்படியிருக்க 2019இல் இந்தியா ஏவுகணை விட்டு ஒரு செயற்கைக்கோளை உடைத்ததே, அது ஒப்பந்த மீறல் இல்லையா? (வாசகர், திருநெல்வேலி)

மீறல் இல்லை. நீங்கள் படித்தது 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை பற்றியதாக இருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 10இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1967இலேயே கையெழுத்திட்டு, 1982இல் உறுதிசெய்தது. அதில் ஆயுதத்தைப் பற்றிப் பேசுவது நான்காவது பிரிவு. அது தடுப்பது என்ன என்பதை வரி வரியாகப் பார்க்க வேண்டும். அணு ஆயுதத்தையோ வேறு பேரழிவு ஆயுதத்தையோ பூமியின் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது, நிலவிலோ மற்ற கோள்களிலோ பொருத்தக் கூடாது, விண்வெளியில் வேறு எந்த வகையிலும் நிறுத்திவைக்கக் கூடாது. நிலவிலும் மற்ற கோள்களிலும் ராணுவத் தளம் அமைப்பது, எந்த ஆயுதத்தையும் சோதிப்பது, போர்ப் பயிற்சி நடத்துவது ஆகியவையும் கூடாது. அவ்வளவுதான்.

சாதாரண வெடிபொருள், பீரங்கி, லேசர், தரையிலிருந்து கிளம்பும் ஏவுகணை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. சோவியத் ஒன்றியம் 1974இல் ஏவிய சல்யூட்-3 நிலையத்தில் விமானப் பீரங்கியிலிருந்து உருவாக்கிய துப்பாக்கியே இருந்தது. ஆட்கள் இறங்கிய பிறகு 1975 ஜனவரியில் தரையிலிருந்து கட்டளை கொடுத்து அதைச் சுட்டும் பார்த்தார்கள். அதுவும் உடன்படிக்கைக்கு உட்பட்டதே.

இந்தியாவின் 'மிஷன் சக்தி'யில் இலக்காக இருந்தது 740 கிலோ எடையுள்ள மைக்ரோசாட்-ஆர். 2019 ஜனவரி 24இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் சென்றது. மார்ச் 27இல் ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து டி.ஆர்.டி.ஓ.வின் ஏவுகணை கிளம்பி, 300 கி.மீ.க்குச் சற்றுக் கீழே அதை நேருக்கு நேர் மோதியது. வெடிகுண்டு கிடையாது, மோதிய வேகமே உடைத்துவிட்டது. ஏவுகணை சுற்றுப்பாதையில் நிறுத்தப்பட்டதல்ல, அணு ஆயுதமும் அல்ல. ஆகவே நான்காவது பிரிவு அதைத் தொடவில்லை.

ஒன்பதாவது பிரிவு வேறு விஷயம். தன் செயல் பிற நாடுகளின் விண்வெளிப் பணிகளுக்குக் கேடான இடையூறு தரலாம் என்று ஒரு நாடு கருதினால், முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்கிறது அது. 2007இல் சீனா, 2019இல் இந்தியா, 2021இல் ரஷ்யா என ஒவ்வொருவரும் முதலில் சோதித்துவிட்டு அதன் பிறகே அறிவித்தார்கள். சட்டத்தில் இருக்கும் ஒரு நல்ல கருவி இப்படி உறையிலேயே கிடப்பது வருத்தத்துக்குரியது.

அரிவாள் தேங்காயையும் வெட்டும், ஆளையும் வெட்டும். ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இஸ்ரோ இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்துக் காட்டியது. அதே நுட்பத்தால் எதிரியின் செயற்கைக்கோளையும் பிடிக்கலாமே? அப்படியானால் அது ஆயுதமா? விண்வெளி ஆயுதத்துக்கு வரையறை என்ன? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

எல்லா நாடுகளும் ஏற்ற வரையறை இன்றுவரை இல்லை. எழுத்தில் உள்ளவற்றில் அதிகம் விவாதிக்கப்பட்டது, ரஷ்யாவும் சீனாவும் 2008 பிப்ரவரியில் ஜெனீவாவின் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் வைத்து, 2014இல் திருத்திய வரைவில் இருக்கிறது. அதன் சாரம் இது: விண்வெளியிலோ தரையிலோ வானிலோ உள்ள பொருள்களை அழிக்க, சேதப்படுத்த, அவற்றின் இயல்பான இயக்கத்தைக் குலைக்க என்று தயாரிக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட விண்பொருள் ஆயுதம். மக்களுக்கும் உயிர்ச்சூழலுக்கும் கேடு செய்யத் தயாரித்ததும் அதில் சேரும்.

இந்த வரையறையின் முழுப் பாரமும் 'தயாரிக்கப்பட்ட' என்ற சொல்லின் மேல் நிற்கிறது. தயாரித்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை 500 கி.மீ. கீழே இருந்து யார் பார்க்க முடியும்? தரையிலிருந்து நமக்குத் தெரிவது மூன்றுதான்: அதன் பாதை, ஒளி மாறும் விதம், அது அனுப்பும் ரேடியோ அலை. மற்றது எல்லாம் ஊகம்.

சரி, நோக்கத்தை விட்டுவிட்டுத் திறனை வைத்து வரையறுக்கலாம் என்றால் வலை மிகவும் அகலமாகிவிடுகிறது. 2020 பிப்ரவரியில் எம்.இ.வி.-1 என்ற அமெரிக்க வணிகக் கலம், எரிபொருள் தீரும் நிலையில் இருந்த இன்டெல்சாட்-901 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளின் என்ஜின் கூம்புக்குள் தன் முனையைச் செலுத்திப் பிடித்து, அதை மறுபடி வேலை செய்ய வைத்தது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செயலிழந்த பெய்டோ என்ற வழிகாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றை இழுத்துச் சென்று, பயன்பாட்டில் இல்லாத உயரப் பாதையில் விட்டது. ஐரோப்பாவின் ரிமூவ்டெப்ரிஸ் திட்டத்தில் ஈட்டி எறிந்தும் வலை வீசியும் குப்பை பிடிக்கும் சோதனை நடந்தது. மூன்றும் உபகாரமான வேலை. மூன்றும் பிறர் செயற்கைக்கோளைக் கெடுக்கவும் உதவும். இன்னும் சொல்லப்போனால், தொட்டியில் எரிபொருள் உள்ள எந்தச் செயற்கைக்கோளும் இன்னொன்றின் மேல் மோதலாம். எல்லாமே ஆயுதம் என்றால் வரையறைக்கே வேலை இல்லை.

அந்த வரைவில் இன்னொரு பெரிய ஓட்டை உண்டு. விண்ணில் ஆயுதம் வைப்பதை அது தடுக்கிறது. தரையிலிருந்து அடிக்கும் ஏவுகணையை வைத்திருப்பதையோ சோதிப்பதையோ தடுக்கவில்லை. 2007 முதல் நடந்த செயற்கைக்கோள் தகர்ப்புகள் நான்கும் தரையிலிருந்தோ கப்பலிலிருந்தோ சென்ற ஏவுகணையால்தான் நடந்தன. சரிபார்க்கும் முறையும் அதில் இல்லை. அந்த வரைவை ஏற்க மறுத்த அமெரிக்காவும் இந்த இரண்டு குறைகளையே சுட்டியது; இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறோம்.

ஸ்பேடெக்ஸுக்கு வருவோம். 2024 டிசம்பர் 30இல் ஏவிய சுமார் 220 கிலோ எடையுள்ள இரண்டு கலங்கள் 2025 ஜனவரி 16இல் இணைந்தன. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துழைத்தவை. தங்களுக்குள் ரேடியோவில் இடத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டன, பொருந்தும்படியான வளையங்களும் இரண்டிலும் இருந்தன. ஒத்துழைக்காத ஒன்றைப் பிடிப்பது வேறு வித்தை. அது உருண்டுகொண்டிருந்தால் சுழலும் அச்சையும் வேகத்தையும் படமெடுத்தே கணிக்க வேண்டும். பிடிக்கும் கலமும் அதே கதியில் சுழல வேண்டும். பிடிப்பதற்கு என்ஜின் கூம்பையோ, ராக்கெட்டோடு இணைந்திருந்த வளையத்தையோ தேட வேண்டும். தப்பினால் சூரியத் தகடு முறிந்து, இரண்டுமே குப்பையாகும்.

ஆகவே பொருளை விட்டுவிட்டு நடத்தைக்கு விதி எழுதுவதே நடைமுறைக்கு ஒத்தது என்பது எங்கள் கருத்து. உரிமையாளரின் ஒப்புதல் இருந்ததா? முன்னறிவிப்பு கொடுத்தார்களா? எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம் நின்றார்கள்? எதையாவது அவிழ்த்துவிட்டார்களா? இவை ரேடாரும் தொலைநோக்கியும் காட்டிக்கொடுக்கும் விஷயங்கள். 2019 நவம்பரில் ரஷ்யா ஏவிய காஸ்மாஸ்-2542 அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் ஒன்றின் பாதைத் தளத்திலேயே (பாதை அமைந்த தட்டையான பரப்பிலேயே) போய் நின்றது. அதிலிருந்து பிரிந்த காஸ்மாஸ்-2543, 2020 ஜூலை 15இல் ஒரு பொருளை வேகமாக வெளியே விட்டது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமலே, அந்த நடத்தையைக் கேள்வி கேட்க முடிந்தது.

சீனா செய்ததற்கு இருந்த கண்டனம் இந்தியாவுக்கு இல்லையே, ஏன்? (வாசகர், கோயம்புத்தூர்)

அரசியல் உறவும் ஒரு காரணம். பெரிய காரணம் உயரம்.

சீனா 2007 ஜனவரி 11இல் ஃபெங்யுன்-1சி என்ற தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை உடைத்தது சுமார் 860 கி.மீ. உயரத்தில். பதிவேட்டில் ஏறிய துண்டுகளே 3,000க்கு மேல். அந்த உயரத்தில் காற்று அநேகமாக இல்லை. துண்டுகள் கீழே வரப் பல பத்தாண்டுகள் ஆகும், சில நூறாண்டைத் தாண்டும். ரஷ்யா 2021 நவம்பர் 15இல் காஸ்மாஸ்-1408ஐ உடைத்தது சுமார் 480 கி.மீ.யில். 1,500க்கு மேற்பட்ட துண்டுகள் தெரிந்தன. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும், அவர்களில் ரஷ்யர்களும் உண்டு, திரும்பும் கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. 300 கி.மீ.க்குக் கீழே உடைத்தால் பெரும்பாலான துண்டுகள் வாரங்களில், மாதங்களில் காற்றில் எரிந்துவிடும்.

ஆனால் 'தாழ்வாக உடைத்தால் தொல்லை இல்லை' என்பது தவறு. மோதலில் துண்டுகள் நாலாபுறமும் சிதறுகின்றன. 280 கி.மீ. உயரத்தில் ஒரு துண்டுக்கு அது செல்லும் திசையிலேயே விநாடிக்கு 100 மீட்டர் வேகம் கூடினால் போதும், அதன் பாதையின் மறுபக்க உச்சி ஏறத்தாழ 620 கி.மீ.க்கு உயர்ந்துவிடும். அதாவது, 400 கி.மீ.யில் உள்ள விண்வெளி நிலையத்தின் உயரத்தை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கடக்கும். இந்தியச் சோதனையிலும் இதுவே நடந்தது. துண்டுகள் 45 நாளில் விழுந்துவிடும் என்றார்கள். பெரும்பாலானவை விரைவில் விழுந்தாலும், கண்காணிப்பில் இருந்த கடைசித் துண்டு விழ மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

10 கிராம் துண்டு விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் மோதினால் வெளிப்படும் ஆற்றல் 5 லட்சம் ஜூல். சுமார் 120 கிராம் டி.என்.டி. வெடிப்பதற்குச் சமம். அந்த அளவுத் துண்டுகளில் பெரும்பாலானவை ரேடாருக்குத் தெரியாதவை என்பதால் விலகிப்போகவும் வழியில்லை.

விண்வெளியில் அணுகுண்டு வெடித்தால் காற்றே இல்லாத இடத்தில் என்ன சேதம் வரும்? (ஆசிரியர், திருச்சி)

காற்று இல்லாததால் அதிர்வலை இல்லை. சேதம் வேறு மூன்று வழிகளில் வரும். வெடித்த கணத்தில் நேர்ப்பார்வையில் உள்ள செயற்கைக்கோள்களை எக்ஸ் கதிர் தாக்கும். கீழ்நோக்கிச் செல்லும் காமாக் கதிர் மேல்வளிமண்டலத்தில் எலெக்ட்ரான்களை உதைத்துத் தள்ளி, தரையில் மின்காந்தத் துடிப்பை உண்டாக்கும். மூன்றாவதுதான் கொடுமையானது. வெடிப்பில் பிறந்த எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் வழியே போகும் ஒவ்வொரு செயற்கைக்கோளும், எந்த நாட்டுடையதானாலும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கதிர்வீச்சை வாங்கிக்கொள்ளும். சூரியத் தகடு தேயும், மின்னணுச் சுற்று பழுதாகும்.

இது கற்பனை அல்ல. 1962 ஜூலை 9இல் அமெரிக்கா 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்ற பெயரில் 1.4 மெகாடன் குண்டை ஜான்ஸ்டன் தீவுக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் வெடித்தது. சுமார் 1,400 கி.மீ. தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. பிரிட்டனின் ஏரியல்-1 செயற்கைக்கோள் பழுதடைந்தது. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார்-1 சில மாதங்களில் ஓய்ந்துபோக இந்தக் கதிர்வீச்சும் காரணம். சோவியத் ஒன்றியமும் அதே ஆண்டில் இப்படிப்பட்ட வெடிப்புகளை நடத்தியது. அடுத்த ஆண்டே, 1963இன் சோதனைத் தடை உடன்படிக்கை விண்வெளியில் அணு வெடிப்பைத் தடுத்தது. வெடிப்பதற்கு 1963, நிறுத்திவைப்பதற்கு 1967 என்று இரண்டு பூட்டுகள் இருக்கின்றன.

2024 ஏப்ரல் 24இல் இந்தத் தடையை உறுதிப்படுத்தும் தீர்மானத்தை அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்பு அவைக்குக் கொண்டுவந்தன. 13 நாடுகள் ஆதரித்தன, சீனா விலகி நின்றது, ரஷ்யா ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. எல்லா வகை ஆயுதங்களையும் தடை செய்வதாக இருக்க வேண்டும் என்பது ரஷ்யா சொன்ன காரணம். தான் ஏற்கெனவே கையெழுத்திட்ட கடமையை மறுபடி உறுதிப்படுத்த அது ஒரு தடையாகாது என்பதே எங்கள் எண்ணம்.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை விண்வெளி வழியாகத்தானே போகிறது? அது மட்டும் சரியா? (வாசகர், மதுரை)

ஆம், அதன் உச்சி 1,000 கி.மீ.க்கு மேலும் போகும். ஆனால் அது சுற்றுப்பாதையில் 'வைக்கப்படுவதில்லை'. எறிந்த வேகத்தில் ஏறி இறங்குகிறது. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சோவியத் ஒன்றியம் 1960களில், அணுகுண்டை ஒரு முழுச் சுற்று முடிக்கும் முன்பே கீழே இறக்கும் முறையை உருவாக்கி, மீறல் இல்லை என்றது. 1979இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட சால்ட்-2 ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் அதைத் தடுக்க முயன்றது. அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. விண்வெளி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதற்கும் சட்ட எல்லை கிடையாது. 100 கி.மீ. என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு.

ஜி.பி.எஸ். அலையைத் தடுப்பது, செயற்கைக்கோள் இணையத்தை முடக்குவது இவையும் விண்வெளி ஆயுதமா? (மென்பொருள் ஊழியர், சென்னை)

விளைவை வைத்துப் பார்த்தால் ஆம். சட்டம் இவற்றை வேறு அறையில் வைத்திருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம் 45ஆம் பிரிவில் பிறர் அலைக்குக் கேடான இடையூறு கூடாது என்கிறது. 48ஆம் பிரிவில் ராணுவ ரேடியோ நிலையங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்கிறது. முன் கை கொடுத்ததைப் பின் கை எடுத்துக்கொண்டது.

2022 பிப்ரவரி 24இல், உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கிய வேளையில், கே.ஏ.-சாட் என்ற செயற்கைக்கோளின் இணையச் சேவையைத் தாக்கினார்கள். செயற்கைக்கோளில் ஒரு கீறல் இல்லை. தரையில் வாடிக்கையாளர் வீடுகளில் இருந்த மோடங்களின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி அறுந்தது. 'விண்பொருள்' என்ற அடிப்படையில் எழுதிய எந்த வரையறையிலும் இந்தத் தாக்குதல் அகப்படாது.

இப்படி உடைந்த துண்டு என் வீட்டுக் கூரையில் விழுந்தால் இழப்பீடு கிடைக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

1972இன் பொறுப்பு உடன்படிக்கைப்படி, தரையில் நேரும் சேதத்துக்கு ஏவிய நாடே முழுப் பொறுப்பு. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. விண்வெளியில் நேரும் சேதத்துக்கு மட்டும் தவறை நிரூபிக்க வேண்டும். ஆனால் நீங்கள் நேரே கோர முடியாது, இந்திய அரசுதான் உங்களுக்காகக் கோர வேண்டும். ஒரு ஆண்டுக்குள் கோர வேண்டும். துண்டு இந்திய ராக்கெட்டுடையது என்றால் இந்த உடன்படிக்கை பொருந்தாது. உள்நாட்டுச் சட்டத்தையே நாட வேண்டும்.

1978 ஜனவரி 24இல் அணு உலையோடு இருந்த சோவியத்தின் காஸ்மாஸ்-954 கனடாவில் விழுந்தபோது, கனடா 60 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு, 1981இல் 30 லட்சம் கனடிய டாலரில் முடித்துக்கொண்டது. (அணு உலை அணு ஆயுதம் அல்ல என்பதால் 1967 உடன்படிக்கை அதைத் தடுக்கவில்லை.) துண்டு எதையாவது கண்டால் தொடாதீர்கள். உருண்டைத் தொட்டிகளில் ஹைட்ரசின் என்ற நச்சு எரிபொருள் மிச்சம் இருக்கக்கூடும். தள்ளி நின்று படமெடுத்து, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

புதிய ஒப்பந்தம் ஏன் வரவில்லை? இந்தியா என்ன செய்ய வேண்டும்? (வாசகர், புதுச்சேரி)

ஜெனீவா மாநாட்டில் 65 நாடுகள். ஒரு நாடு தலையசைத்து மறுத்தாலும் எதுவும் நகராது. விண்வெளி ஆயுதப் போட்டியைத் தடுக்க 1985 முதல் 1994 வரை அங்கே ஒரு தனிக்குழு கூடியது. பேச்சுவார்த்தை தொடங்கவே இல்லை.

நகர்ந்தது ஒரே ஒரு சிறு அடி. தரையிலிருந்து ஏவுகணை விட்டுச் செயற்கைக்கோளை உடைக்கும் சோதனை செய்யமாட்டோம் என்று அமெரிக்கா 2022 ஏப்ரலில் அறிவித்தது. 30க்கும் மேற்பட்ட நாடுகள் பின்தொடர்ந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதற்கான தீர்மானத்தை 155 நாடுகள் ஆதரித்தன, 9 எதிர்த்தன, 9 விலகி நின்றன. விலகியதில் இந்தியாவும் ஒன்று. சட்டப்படி கட்டுப்படுத்துகிற, சரிபார்க்கத்தக்க ஒப்பந்தமே வேண்டும் என்பது நம் நாட்டின் நெடுநாள் நிலைப்பாடு.

அந்த உறுதிமொழியில் ஓட்டைகள் உண்டு. ஏவுகணையை வைத்திருக்கலாம், போரில் பயன்படுத்துவதைப் பற்றிப் பேச்சில்லை, சுற்றுப்பாதையில் பக்கத்தில் போய் உடைப்பது அதில் அடங்காது. ஆனாலும் அது பிடிக்கத்தக்க விதி: உடைத்தால் சில மணி நேரத்தில் ரேடாரில் தெரிந்துவிடும், மறைக்க முடியாது. இந்தியா இதில் சேர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறோம். திறனை 2019இலேயே காட்டியாயிற்று. இனிக் குறிபார்க்கும் கருவியைச் சோதிக்க எதையும் உடைக்கத் தேவையில்லை. செயற்கைக்கோளுக்குப் பல கி.மீ. தள்ளிய வெற்றுப் புள்ளியைக் குறிவைத்தே சோதிக்கலாம். அடுத்து யாராவது 800 கி.மீ.யில் ஒன்றை உடைத்தால், அதே உயரத்தை ஒட்டிச் சுற்றும் நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களுக்கும் அந்தத் துண்டுகள் வரும்.

ஒரு செயற்கைக்கோள் சந்தேகமாக நடந்துகொள்கிறதா என்று நம்மைப் போன்றவர்கள் பார்க்க முடியுமா? (பள்ளி வானியல் மன்றம், சேலம்)

முடியும். செலஸ்ட்ராக் தளத்தில் பதிவு இல்லாமலும், ஸ்பேஸ்-டிராக் தளத்தில் இலவசக் கணக்கோடும் பெரும்பாலான விண்பொருள்களின் பாதைத் தரவு இரண்டு வரிகளில் கிடைக்கும். இரண்டாவது வரியைப் பாருங்கள். 9 முதல் 16 வரையிலான இடங்களில் பாதையின் சாய்வு (நிலநடுக்கோட்டோடு அது செய்யும் கோணம்), 18–25இல் பாதைத் தளம் நிற்கும் திசை, 53–63இல் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். விண்வெளி நிலையத்துக்கு (பட்டியல் எண் 25544) அது சுமார் 15.5. 1,440 நிமிடத்தை அதனால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 93 நிமிடம்.

காற்றின் உராய்வால் இந்த எண் மெல்ல மெல்லக் கூடும், அது இயல்பு. திடீரென்று குறைந்தாலோ தாவினாலோ என்ஜின் இயங்கியிருக்கிறது. இரண்டு கலங்களின் சாய்வும் தளத் திசையும் ஒன்றாக இருந்து, ஒன்றின் சுற்று எண் மற்றதை நெருங்கி வந்தால் அது பின்தொடர்தல். தாழ்வான பாதையில் சாய்வை 1 பாகை மாற்றவே விநாடிக்கு 130 மீட்டர் வேக மாற்றம் தேவை. அவ்வளவு எரிபொருளை யாரும் தற்செயலாகச் செலவழிப்பதில்லை; ஏவும்போதே ஒரே தளம் என்றால் திட்டமிட்டே வந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு தரவைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இந்தத் தரவில் ஒரு கி.மீ. அளவுக்குப் பிழை சாதாரணம், நாள் ஆக ஆகக் கூடும். இரண்டு பொருள்கள் அருகருகே இருக்கும்போது ரேடார் ஒன்றை மற்றதாகப் பதிந்துவிடுவதும் உண்டு. மூன்று நான்கு தரவுகள் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். உளவுச் செயற்கைக்கோள்கள் பலவற்றின் பாதை இந்தத் தளங்களில் வராது. அவற்றுக்கு, அந்தி நேரத்தில் ஒரு நட்சத்திரத்தை அது கடக்கும் விநாடியை நிறுத்துக் கடிகாரத்தால் குறிக்கும் பழைய முறையே இன்றும் பயன்படுகிறது. குறிப்பில் உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றும் இருக்க வேண்டும். அவை இல்லாத பதிவை வைத்துப் பாதை கணிக்க முடியாது.